பதிவேட்டிலிருந்து விழுந்த பெயர்

தென்காசியிலிருந்து செங்கோட்டைக்குப் போகும் சாலையில் 1956 நவம்பர் 1 வரை ஓர் அரசின் எல்லை முடிந்து இன்னோர் அரசின் எல்லை தொடங்கியது. தென்காசியும் குற்றாலமும் சென்னை ராஜ்யத்துத் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தன. செங்கோட்டை தாலுகா திருவிதாங்கூர் மகாராஜாவின் சீமை. பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். தமிழ்நாட்டுச் சட்டப் புத்தகங்களைப் புரட்டினால் கன்னியாகுமரி மாவட்டத்தையும் செங்கோட்டை தாலுகாவையும் சேர்த்து 'மாற்றப்பட்ட நிலப்பகுதி' என்று தனியே குறிப்பிடும் விதிகள் இன்றும் கண்ணில் படும். சாரல் எல்லையின் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் விழுந்தது. அனுமன் நதி பாயும் வடகரை வயலில் வந்த காய்ச்சலும் சிற்றாறு பாயும் தென்காசி வயலில் வந்த காய்ச்சலும் ஒரே காய்ச்சல்தான். ஆனால் அந்தக் காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கிறவர் யார், அவர் பெயர் எந்த அரசின் ஏட்டில் இருக்கிறது, அவர் தவறு செய்தால் யாரிடம் போய் முறையிடுவது என்பதெல்லாம் சாலையின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தே இருந்தன. நோய்க்கு இல்லாத எல்லை பதிவேட்டுக்கு இருந்தது. மருத்துவத் தொழிலை அரசு ஒழுங்குபடுத்திய வரலாற்றை இந்த மலையடிவாரத்திலிருந்து பார்த்தால், தலைநகரிலிருந்து பார்ப்பதைவிடச் சில விஷயங்கள் தெளிவாகத் தெரிகின்றன.

முழுப் பட்டம் பெற்ற டாக்டருக்கும் செவிலியருக்கும் நடுவே நின்று நோயாளியைத் தொட்டுப் பார்த்து, நோயைக் கணித்து, மருந்து எழுதியவர்களைப் பற்றியது இந்தக் கட்டுரை. காலத்துக்குக் காலம் அவர்களுக்கு அப்போதிக்கரி, டிரெசர், ஹாஸ்பிடல் அசிஸ்டென்ட், சப்-அசிஸ்டென்ட் சர்ஜன், எல்.எம்.பி. என்று பெயர் மாறிக்கொண்டே வந்தது. இன்றைக்குப் பெரிய மருத்துவமனைகளில் பிசிஷியன் அசிஸ்டென்ட் என்று ஒரு வேலை இருக்கிறது. இவர்களை ஒரே சொல்லில் இடைநிலை மருத்துவர் என்று இங்கே குறிப்பிடுகிறேன். என் வாதம் இதுதான்: தமிழ்நாட்டில் இந்த வேலையை எந்தச் சட்டமும் எந்தக் காலத்திலும் ஒழித்ததில்லை. ஒழித்ததெல்லாம் பதிவேட்டில் இருந்த பெயரைத்தான். பெயர் விழுந்தபோது அதோடு ஒட்டியிருந்த படிப்பும் தேர்வும் பதில் சொல்லும் பொறுப்பும் சேர்ந்து விழுந்தன. வேலை மட்டும் நின்றது, ஆளுக்கு ஆள் கைமாறி.

தொடக்கத்தில் இது ஏழை எளியவருக்காக வந்த ஏற்பாடு அல்ல. 1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலிப் பகுதிகளில் பரவிய காய்ச்சல் கிராமங்களைக் காலி செய்தது. அதை ஆராய்ந்த கம்பெனி மருத்துவர்களின் அறிக்கை 1816-ல் அச்சானது. அந்த அளவுக்கு நோய் கண்ட நாட்டில் கம்பெனிக்கு இருந்த சர்ஜன்கள் மிகச் சிலர், அவர்களும் பட்டாளத்துக்குரியவர்கள். 1835 பிப்ரவரியில் கவர்னர் பிரடெரிக் ஆடம் காலத்தில் சென்னையில் மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டதன் நோக்கமும் பட்டாள ஆஸ்பத்திரிகளுக்கு அப்போதிக்கரிகளையும் டிரெசர்களையும் தயார் செய்வதே. அந்தப் பள்ளிதான் 1850-ல் சென்னை மருத்துவக் கல்லூரி என்று பெயர் பெற்றது. தமிழ்நாட்டின் மிகப் பழைய மருத்துவக் கல்லூரி டாக்டர்களை உருவாக்கத் தொடங்கப்பட்டதல்ல, டாக்டருக்குத் துணை நிற்பவர்களை உருவாக்கத் தொடங்கப்பட்டது என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். 1871-ன் லோக்கல் ஃபண்டு சட்டமும் 1884-ன் உள்ளாட்சி வாரியச் சட்டமும் வந்த பிறகு, சிற்றூர்களில் போர்டு ஆஸ்பத்திரிகள் முளைத்தன. அவற்றில் உட்கார்ந்தவர் பட்டம் பெற்ற சர்ஜன் அல்ல, ஹாஸ்பிடல் அசிஸ்டென்ட். ஜனங்களுக்கு அவர்தான் டாக்டர். பிரசவம் சிக்கலானாலும், கதிரறுக்கும்போது கை வெட்டுப்பட்டாலும், பாம்பு தீண்டினாலும், நாட்டு வைத்தியரை விட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் முதலில் பார்த்த முகம் அவருடையது. ஜில்லா சர்ஜனுடைய கையொப்பத்தை வேண்டுமானால் அவர்கள் பார்த்திருக்கலாம்.

எல்லைக்கு மறுபக்கம் திருவிதாங்கூரிலும் ஏறக்குறைய இதே தேவை வேறு வழியாக நிறைவேறியது. லண்டன் மிஷன் சங்கம் 1838-ல் நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கியது. 1861-ல் அங்கே வந்த ஜான் லோ தனியொருவராக அத்தனை நோயாளிகளையும் பார்க்க முடியாது என்று கண்டு, உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்து மருத்துவ வகுப்பு நடத்தினார். அப்படிப் படித்தவர்கள்தான் நெய்யூரின் கிளை ஆஸ்பத்திரிகளை நடத்தினார்கள். இதற்கு முன்பே, கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனின் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1847-ல் வந்திறங்கி, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். பின்னாளில் தமிழிலேயே பாடம் நடத்தினார். அதற்காக உடற்கூற்று நூல்களையும் அறுவை மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். 1873-ல் அவர் ஊர் திரும்புவதற்குள் அறுபது பேருக்கு மேல் அவரிடம் பயின்றிருந்தார்கள். தமிழில் மருத்துவக் கலைச்சொல் என்ற ஒன்று முறையாக உருவானதே இந்த இடைநிலை மருத்துவர்களுக்குப் பாடம் சொல்வதற்காகத்தான். ஆனால் நெய்யூரிலும் மானிப்பாயிலும் அந்த மாணவர்களுக்குச் சான்று ஆசிரியரின் பெயரே. நல்ல ஆசிரியர் இருந்தவரை அது போதுமானதாக இருந்தது. ஆசிரியர் போன பிறகு அந்த மாணவர் யாருக்குப் பதில் சொல்வார் என்ற கேள்விக்கு விடை இல்லை.

அந்த விடையைத் தந்தது 1914-ன் சென்னை மருத்துவப் பதிவுச் சட்டம். பம்பாயில் 1912-ல் வந்த சட்டத்தின் வழியில் இது வந்தது. சென்னை மருத்துவக் கவுன்சில் என்ற அமைப்பும் பதிவேடும் இதனால் உருவாயின. இந்தச் சட்டத்தின் குறைகளை நம் வைத்தியர்கள் அன்றே சுட்டிக்காட்டினார்கள். சித்தம், ஆயுர்வேதம், யுனானி அனைத்தையும் அது வெளியே நிறுத்தியது. அவர்கள் தொழில் செய்வதை அது தடுக்கவில்லைதான், ஆனால் அரசு வேலைக்கும் சட்டப்படி செல்லும் சான்றிதழுக்கும் பதிவு தேவை என்று ஆக்கியதால் மதிப்பைப் பறித்தது. முகம்மது உஸ்மான் தலைமையில் குழு அமைந்து 1923-ல் அறிக்கை தந்ததும், அதன் பின் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி திறந்ததும் அந்தக் கோபத்தின் பலன்கள். அது தனிக் கதை. நம் விஷயத்துக்கு முக்கியமானது ஒன்று: 1914-ன் மாகாணப் பதிவேட்டில் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவரும், மருத்துவப் பள்ளியில் படித்துத் தேர்வு எழுதி உரிமம் பெற்ற எல்.எம்.பி.யும் இருவருமே இடம்பெற்றார்கள். படிப்பின் காலம் வேறு, சம்பளம் வேறு, பதவி வேறு. ஆனால் ஒழுக்கக்கேடு செய்தால் பெயரை நீக்கும் அதிகாரம் இருவர் மீதும் ஒன்றுதான். நீதிக்கட்சி ஆட்சியில், பனகல் அரசர் முதலமைச்சராக இருந்தபோது, 1924-25-ல் கிராம மருத்துவ உதவித் திட்டம் தொடங்கியது. பதிவு பெற்ற தனியார் மருத்துவர் ஒருவர் கிராமத்தில் போய்க் குடியேறினால் உள்ளாட்சி வாரியத்தின் வழியாக அவருக்கு மானியம் கிடைக்கும். எல்.எம்.பி.களையும் நம்பித்தான் அந்தத் திட்டம் எழுந்தது. எங்கே பதிவு இருந்ததோ அங்கே அரசு பணம் கொடுக்கத் துணிந்தது. கணக்குக் கேட்கவும் முடிந்தது.

பிறகு பதிவேடு இரண்டாகப் பிளந்தது. 1933-ல் டெல்லி இயற்றிய இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டம் பல்கலைக்கழகப் பட்டங்களை மட்டுமே கணக்கில் எடுத்தது. இந்திய மருத்துவர்களில் பெரும்பான்மையாக இருந்த உரிமம் பெற்றவர்கள் வெளியே நின்றார்கள். அவர்களுடைய சங்கம் எதிர்ப்புத் தெரிவித்தும் பயனில்லை. சென்னை மாகாணம் அடுத்த அடியை மற்றவர்களுக்கு முன்பே எடுத்து வைத்தது. 1937-ல் ராஜாஜி அமைச்சரவை பதவியேற்றதும், இனி மருத்துவப் படிப்பு என்றால் பட்டப்படிப்புதான் என்று முடிவானது. 1938-ல் ராயபுரத்து ஸ்டான்லி மருத்துவப் பள்ளி கல்லூரியாக உயர்ந்தது. அந்த அமைச்சரவையில் சுகாதாரத் துறையைப் பார்த்தவர் டாக்டர் தி.சே.சௌ. ராஜன். அவரே இளமையில் ராயபுரத்து மருத்துவப் பள்ளியில் படித்து, பர்மாவில் வேலை பார்த்து, பின்னர் லண்டன் போய் 1911-ல் எம்.ஆர்.சி.எஸ். பெற்றவர். பள்ளிப் படிப்பின் பலத்தையும் அதன் மீது சுமத்தப்பட்ட தாழ்வையும் அனுபவத்தில் அறிந்த ஒருவர் காலத்திலேயே அந்தப் படிப்பு முடிவுக்கு வந்தது என்பதை எளிதாகக் கடந்துபோக முடியாது. அவருடைய தலைமுறைக்கு எல்.எம்.பி. என்பது வெள்ளைக்கார ஆட்சி இந்தியனைக் கீழ்ப்படியில் நிறுத்திய ஏற்பாடு. அந்தப் படியையே உடைப்பது அவர்களுக்குச் சுயமரியாதையாக இருந்தது. அது நியாயமான உணர்ச்சி. ஆனால் அதே முடிவு வேலூரில் ஏறக்குறைய ஒரு நிறுவனத்தையே மூடப் பார்த்தது. ஐடா ஸ்கடர் 1918-ல் பெண்களுக்காகத் தொடங்கிய மருத்துவப் பள்ளி எல்.எம்.பி. படிப்புக்கானது, 1922-ல் முதல் அணியாக 14 பெண்கள் தேறி வந்தார்கள். 1938-ன் முடிவுக்குப் பிறகு பட்டப்படிப்புக்கு வேண்டிய கட்டடமும் ஆசிரியர்களும் பணமும் திரட்ட அந்தப் பள்ளி பட்ட பாடு பெரிது. 1942-ல்தான் எம்.பி.பி.எஸ். அனுமதி கிடைத்தது. வேலூர் பிழைத்தது, வெளிநாட்டிலிருந்து பணம் திரட்ட ஆள் இருந்ததால். அப்படி ஆள் இல்லாத சிறிய பள்ளிகளுக்கு அந்த வழி கிடையாது.

1943-ல் அமைந்து 1946-ல் அறிக்கை தந்த போர் (Bhore) குழு, சென்னை செய்ததை நாடு முழுவதற்கும் பரிந்துரைத்தது. அதன் கணக்குப்படி பிரிட்டிஷ் இந்தியாவில் பதிவு பெற்ற மருத்துவர்களில் 17,654 பேர் பட்டதாரிகள், 29,870 பேர் உரிமம் பெற்றவர்கள். மூன்று டாக்டர்களில் ஏறக்குறைய இருவர் எல்.எம்.பி. போன்றவர்கள். இனி நாட்டுக்கு ஒரே வகை மருத்துவர், 'அடிப்படை மருத்துவர்', போதும் என்றது பெரும்பான்மை. உறுப்பினர்களில் சிலர் மாற்றுக் கருத்து எழுதி வைத்தார்கள்: பட்டதாரிகள் எண்ணிக்கை போதுமான அளவுக்கு வளரும்வரை உரிமப் படிப்பை நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் கிராமம் வெறுமையாகிவிடும் என்பது அவர்கள் கவலை. குழுவில் நம் ஆற்காடு லட்சுமணசாமி முதலியாரும் இருந்தார். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, போர் குழுவின் கனவு எந்த அளவுக்கு நிறைவேறியது என்று பார்க்க அமைந்த குழுவுக்கும் அவரே தலைவர். ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஆளும் வசதியும் போதாமல் கிடக்கின்றன என்பதையே அந்த 1961 அறிக்கையும் பேச வேண்டியிருந்தது. இதற்கிடையில் 1956-ன் புதிய இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டம் ஒரு தவறைத் திருத்தியது. பழைய எல்.எம்.பி. தகுதிகள் அதன் மூன்றாம் அட்டவணையில் சேர்ந்தன. 1933-ல் மூடிய கதவு திறந்தது. புதிதாக எல்.எம்.பி. உருவாவது நின்றுபோன பிறகு, இருந்தவர்கள் ஓய்வை நோக்கி நடந்த காலத்தில், அகில இந்தியப் பதிவேடு அவர்களை ஏற்றுக்கொண்டது. செங்கோட்டை தமிழகத்தோடு சேர்ந்ததும் அதே 1956-ல்தான். மூன்றாண்டுகளுக்கு முன்புதான், 1953-ல், நவீன மருத்துவர், நாட்டு வைத்தியர், ஹோமியோபதியர் எல்லாரையும் ஒரே சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்து, பதிவு இல்லாதவர் தொழில் செய்யக் கூடாது என்று திருவிதாங்கூர்-கொச்சி விதித்திருந்தது. எல்லைச் சாலையின் அந்தப் பக்கத்தில் தொடங்கியிருந்த இந்த ஒருங்கிணைந்த பதிவுமுறையை விட்டுவிட்டுச் செங்கோட்டை இந்தப் பக்கம் வந்தது.

எல்.எம்.பி. டாக்டர்கள் ஒவ்வொருவராக மறைந்தபோது அவர்கள் நாற்காலியில் யார் உட்கார்ந்தார்கள்? எம்.பி.பி.எஸ். டாக்டர் எல்லா ஊருக்கும் வந்துவிடவில்லை. அவரிடம் மருந்து கலக்கிக் கொடுத்துப் பழகிய கம்பவுண்டர், ஊசி போடப் பழகிய உதவியாள், பரம்பரை வைத்தியத்தோடு ஆங்கில மருந்தையும் சேர்த்துக்கொண்டவர் என்று பலர் உட்கார்ந்தார்கள். இதற்கு மொழியே சாட்சி. ஆர்.எம்.பி. என்பது சட்டத்தில் 'பதிவு பெற்ற மருத்துவர்' என்று பொருள்படும் சொல். தெற்கே பல ஊர்களில் இன்று ஆர்.எம்.பி. டாக்டர் என்றால் முறையான பட்டம் இல்லாதவர் என்றே அர்த்தம். பதிவைக் குறித்த சொல்லே பதிவின்மையைக் குறிக்கும் அளவுக்கு ஒரு நாட்டில் நிலைமை தலைகீழாகியிருக்கிறது என்றால், அதற்குப் பேராசைக்காரர் சிலர் மட்டும் காரணமாக இருக்க முடியாது. 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்து உலக சுகாதார நிறுவனம் 2016-ல் வெளியிட்ட அறிக்கை, நாட்டில் அலோபதி மருத்துவர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர்களில் 57 சதவீதத்துக்கு மேற்பட்டோரிடம் மருத்துவத் தகுதி இல்லை என்றது. அந்த எண்ணை மறுத்துப் பேசிய மத்திய அரசே 2019-ல் தன் புதிய சட்டத்தை நியாயப்படுத்த அதே எண்ணை எடுத்துக்காட்டியது. தமிழ்நாட்டின் நிலை வட மாநிலங்களைவிட வெகுவாக நல்லது என்பது உண்மை. ஆனாலும் போலி மருத்துவர் கைது என்ற செய்தி நம் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் ஓய்ந்தபாடில்லை.

இதே கம்பவுண்டர் விஷயத்தில் அரசு வேறு விதமாகவும் நடந்து காட்டியிருக்கிறது. 1948-ன் மருந்தாளுநர் சட்டம் வந்தபோது நாடு முழுக்கப் படிப்பில்லாமல் அனுபவத்தில் மருந்து கலக்கியவர்கள் ஏராளம். அவர்களைத் தெருவில் விடவும் இல்லை, கண்டும் காணாமல் விடவும் இல்லை. மருத்துவமனையிலோ மருந்தகத்திலோ ஐந்து ஆண்டுக்குக் குறையாமல் மருந்து கலக்கி வழங்கியவர் என்று நிரூபித்தால் முதல் பதிவேட்டில் இடம் உண்டு என்றது சட்டம். அதன் பிறகு வருகிறவருக்குப் படிப்புக் கட்டாயம். ஒருமுறை கதவைத் திறந்து, உள்ளே வந்தவர் பெயரை எழுதி, கதவைச் சாத்தினார்கள். 1926-ல் செவிலியருக்கும் மருத்துவச்சிகளுக்கும் சென்னை மாகாணம் சட்டம் செய்து ஒரு கவுன்சிலை அமைத்தது. ஊசி போடும் கைக்கும் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் கைக்கும் இப்படிப் பதிவேடு வந்தது. நோயைக் கணித்து மருந்து எழுதும் இடைநிலைக் கைக்குத்தான் இருந்த பதிவேடும் போனது.

கடல் கடந்த தமிழர் வாழ்வைப் பார்த்தால் வேறு வழியும் இருந்தது என்று தெரியும். இலங்கையின் 1927 மருத்துவச் சட்டமும் அதன் திருத்தங்களும் டாக்டர்களுக்கு மட்டுமல்லாமல் அப்போதிக்கரிகளுக்கும், தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்த தோட்ட அப்போதிக்கரிகளுக்கும், உதவி மருத்துவர்களுக்கும் தனித்தனிப் பதிவேடுகளை வைத்தன. மலையகத் தொழிலாளிக்கு முழு டாக்டர் எட்டாத தூரத்தில் இருந்தார் என்பதும், தோட்டத்து மருத்துவம் துரைமாருடைய சிக்கனத்துக்கு உட்பட்டே நடந்தது என்பதும் உண்மைதான். பதிவேடு மட்டும் அந்த அநியாயத்தைத் தீர்க்கவில்லை. ஆனால் மருந்து கொடுத்தவர் யார் என்று கேட்டால் காட்ட ஓர் ஏடு இருந்தது. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் தமிழர்கள் 'டிரெசர்' என்று அழைத்தவர்களுக்கு மலேசியா 1965-ல் தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர் பதிவுச் சட்டமும், 1977-ல் மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டமும் செய்தது. அங்கே பெயரை அழிக்கவில்லை, அடுத்த படிக்கு உயர்த்தினார்கள்.

இந்த வாதத்துக்கு எதிரே வைக்கப்படும் மறுப்புகளில் வலுவானது ஒன்று உண்டு. ஏழைக்கு அரை டாக்டர், பணக்காரனுக்கு முழு டாக்டரா என்பது அது. போர் குழுவின் பெரும்பான்மை மனத்திலும் ராஜனின் தலைமுறை மனத்திலும் இருந்தது இதுதான். 2019-ல் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தை எதிர்த்துத் தெருவில் இறங்கிய டாக்டர்கள் கேட்டதும் இதுதான். இந்தக் கேள்விக்கு முதுகைக் காட்டக் கூடாது. எல்.எம்.பி. ஏற்பாடு அரசின் சிக்கனத்திலும் இனப் பாகுபாட்டிலும் பிறந்தது. அதைப் பொற்காலமாக்கிப் பேசுவது வரலாற்றுக்குத் துரோகம். ஆனால் பாகுபாடு இடைநிலை மருத்துவர் ஒருவர் இருப்பதால் வருவதில்லை. அவர் மட்டுமே இருப்பதால், அவருக்கு மேலே கேட்க ஆள் இல்லாததால் வருகிறது. ஏழைக்கு முழு டாக்டரே என்று சொல்லி எல்.எம்.பி.யை ஒழித்த பிறகு ஏழைக்குக் கிடைத்தவர் முழு டாக்டரும் அல்ல, அரை டாக்டரும் அல்ல. எந்த ஏட்டிலும் இல்லாதவர். சத்தீஸ்கர் 2001-ல் மூன்றாண்டு மருத்துவப் படிப்பு ஒன்றைத் தொடங்கி, அதில் தேறியவர்களைக் கிராம மருத்துவ உதவியாளராக ஆரம்ப சுகாதார நிலையங்களில் அமர்த்தியது. 2010-ல் அங்கே நடந்த ஆய்வில், சாதாரண நோய்களைக் கண்டு மருந்து எழுதுவதில் அவர்கள் எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்குக் குறையாமல் இருந்தார்கள். முறையாகப் படித்து, எல்லை வகுக்கப்பட்டு, அரசின் கண்ணுக்கு முன்னால் வேலை செய்தவர்கள் அவர்கள். அந்த மூன்றும் இல்லாத இடத்தில் இந்த முடிவை எதிர்பார்க்க முடியாது.

இரண்டாவது மறுப்பு தமிழ்நாட்டுக்கே உரியது. இங்கே டாக்டர் பஞ்சம் இல்லை. மாவட்டத்துக்கு ஒரு மருத்துவக் கல்லூரி என்ற நிலையை நெருங்கிவிட்டோம். பிறகு எதற்கு இடைநிலை என்று கேட்கிறார்கள். 2019 நவம்பரில் பிறந்த தென்காசி மாவட்டத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி இன்னும் வரவில்லை; 1965-ல் தொடங்கிய திருநெல்வேலிக் கல்லூரியையே அது நம்பியிருக்கிறது. அதை விட்டுவிட்டாலும், இந்த மறுப்பு தவறான இடத்தைப் பார்க்கிறது. இன்றைய இடைநிலை மருத்துவர் பஞ்சத்தால் வந்தவர் அல்ல. 1992-ல் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில், இதய அறுவை மருத்துவர் கே.எம். செரியன் முயற்சியில் நாட்டின் முதல் பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பு தொடங்கியது. டாக்டர்கள் நிறைந்த நகரத்தில், வசதியான மருத்துவமனையில் தொடங்கியது. இன்று டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் அதற்கு பி.எஸ்சி. பட்டம் தருகிறது. இவர்கள் நோயாளியின் வரலாற்றைக் கேட்டு எழுதுகிறார்கள், அறுவையில் துணை நிற்கிறார்கள், வார்டில் நோயாளியைக் கவனிக்கிறார்கள். 1992 முதல் 2021 மார்ச்சில் துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வரும்வரை, ஏறத்தாழ 29 ஆண்டுகள், இந்தத் தொழிலுக்கு நாட்டில் சட்டப்படியான பதிவேடே இல்லை. எல்.எம்.பி. காலத்தில் நடந்தது மறுபடி நடந்தது: வேலை முதலில் வந்தது, ஏடு வெகுநாள் கழித்து வந்தது.

பெயர் விஷயத்தில் அலட்சியமாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்து பாடம். அங்கே பல ஆண்டுகளாகப் பதிவு இல்லாமல் வேலை பார்த்த பிசிஷியன் அசோசியேட்டுகளை 2024 டிசம்பரில்தான் டாக்டர்களை ஒழுங்குபடுத்தும் கவுன்சிலின் கீழ்க் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பே, தன்னைப் பார்த்தவர் டாக்டர் என்று நம்பியிருந்த இளம்பெண் ஒருவர் உயிரிழந்த சம்பவம் நாட்டையே உலுக்கியிருந்தது. 2025 ஜூலையில் வெளிவந்த லெங் அறிக்கை, அசோசியேட் என்ற சொல்லை விட்டு அசிஸ்டென்ட் என்ற பழைய சொல்லுக்கே திரும்பச் சொன்னது. நோய் இன்னதென்று இன்னும் தெரியாத நோயாளியை முதலில் பார்ப்பது இவர்கள் வேலையாக இருக்கக் கூடாது என்றும் சொன்னது. நம் 2021 சட்டம் அசோசியேட், அசிஸ்டென்ட் என்ற இரண்டு சொற்களையும் வைத்திருக்கிறது. தமிழில் இன்னும் நிலைத்த பெயரே இல்லை. வெள்ளைக் கோட்டும் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பும் இருந்தால் எல்லாரும் டாக்டர் என்று நினைக்கும் நாட்டில், பெயரைத் தெளிவாக வைப்பது சின்ன விஷயமாகாது.

பதிவேடு கொடுத்தால் போலிகளுக்கு அங்கீகாரம் கொடுத்ததாகிவிடும் என்பது இன்னொரு மறுப்பு. 2019-ன் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு இந்த அச்சத்துக்கு இடம் கொடுத்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சமுதாய சுகாதார வழங்குநர் என்ற பெயரில் வரையறுக்கப்பட்ட உரிமம், மொத்தப் பதிவு மருத்துவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் தரலாம் என்றது அது. யாருக்கு என்ற இடத்தில் 'நவீன மருத்துவத் தொழிலோடு தொடர்புள்ளவர்' என்று மட்டும் சொல்லி, மீதியைப் பின்னால் எழுதப்போகும் விதிகளுக்கு விட்டுவிட்டது. படிப்பு இன்னது, தேர்வு இன்னது என்று சொல்லாமல் எண்ணிக்கையை மட்டும் சொன்ன சட்டத்தை டாக்டர்கள் எதிர்த்ததில் நியாயம் இருந்தது. அசாமின் அனுபவம் இன்னும் கசப்பானது. 2004-ல் மாநிலம் தானே சட்டம் செய்து மூன்றாண்டு கிராம மருத்துவப் படிப்பை நடத்தியது. 2014-ல் கௌஹாத்தி உயர்நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. 2015-ல் மாநிலம் வேறு சட்டத்தால் அந்த இளைஞர்களுக்கு வேறு பெயரில் வேலை தர வேண்டியதாயிற்று. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் பழைய சட்டம் செல்லாது என்பதை உறுதி செய்து, புதியதைச் செல்லும் என்றது. மருத்துவக் கல்வியின் தரத்தை வகுக்கும் அதிகாரம் மத்தியச் சட்டத்துக்கே என்பது காரணம். நடுவில் அலைக்கழிக்கப்பட்டவர்கள், அரசை நம்பிப் படித்த பிள்ளைகள். ஆனால் இந்த இரண்டு உதாரணங்களும் பதிவேடு வேண்டாம் என்பதற்குச் சான்றுகள் அல்ல. மோசமாக எழுதிய பதிவேட்டுக்குச் சான்றுகள். 1948-ல் மருந்தாளுநர்களுக்குச் செய்ததைப்போல யார், எந்தச் சான்றோடு, எந்தத் தேதிவரை என்று முதலிலேயே எழுதியிருந்தால் போலி உள்ளே வர வழி இருந்திருக்காது.

2021-ன் சட்டப்படி மாநிலந்தோறும் ஒரு கவுன்சில் அமைய வேண்டும், ஏடு திறக்க வேண்டும். அந்த ஏடு உயிருள்ளதாக இருக்கச் சில விஷயங்கள் அதில் தமிழில் எழுதப்பட்டிருக்க வேண்டும்: இவருக்கு என்ன பெயர், இவர் எதைச் செய்யலாம், எதைச் செய்யவே கூடாது, இவருடைய வேலைக்கு எந்த டாக்டர் பொறுப்பு. 1914-ன் ஏட்டில் எல்.எம்.பி.க்கும் பட்டதாரிக்கும் பொதுவாக இருந்த அந்தத் தண்டிக்கும் அதிகாரம், பெயர் நீக்கும் அதிகாரம், இந்த ஏட்டிலும் பல்லோடு இருக்க வேண்டும். தவறு நடந்தால் டாக்டரைக் கேள் என்று இந்தக் கவுன்சிலும், உதவியாளரைக் கேள் என்று மருத்துவக் கவுன்சிலும் கைகாட்டிக்கொள்ளாதபடி, இரண்டும் ஒரே புகாரைச் சேர்ந்து விசாரிக்க வழி செய்ய வேண்டும். சென்னையில் ஒரு அலுவலகமும் ஆங்கிலத்தில் ஒரு இணையதளமும் இருந்தால் வடகரை விவசாயிக்கு அது எல்லைக்கு அப்பால் இருந்த திருவிதாங்கூர் ஏட்டைப்போலத்தான். தென்காசி மாவட்டத் தலைமை மருத்துவமனை தொடங்கி ஆரம்ப சுகாதார நிலையம்வரை, தனியார் மருத்துவமனைகளின் வாசல்வரை, அங்கே நோயாளியைத் தொடும் ஒவ்வொருவரின் பெயரும் தகுதியும் பதிவு எண்ணும் தமிழில் எழுதித் தொங்க வேண்டும். அப்படி ஒரு பலகை இல்லாத இடத்தில் வாசகர்களாகிய நீங்கள் கேளுங்கள்: ஐயா, அம்மா, உங்கள் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது?